வடத்தால் இயங்கிய அகழ்பொறிகள்

மலையைப் பிளந்து பாதை அமைப்பதும், நிலத்தை வெட்டி நீரை வழிப்படுத்துவதும் மனிதன் மிகப் பழங்காலந்தொட்டுச் செய்துவரும் வேலைகள். உரோமர் சமைத்த நெடுஞ்சாலைகளும், சீனர் தோண்டிய பெருங்கால்வாயும் இவ்வேலையின் பெருமைக்குச் சான்றாக உள்ளன. ஆயினும், இவற்றை ஆக்கிய கருவிகள் எவையென்று பார்த்தால் அவை மண்வெட்டி, கடப்பாரை, கூடை என்னும் சிலவற்றுள் அடங்கிவிடும். நூற்றாண்டுகள் பல கழிந்தும் இக்கருவிகள் மாறவில்லை. ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டி அள்ளக்கூடிய மண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. வேலை பெருகினால் ஆட்களைப் பெருக்கவேண்டும் என்பதே அக்காலத்துக் கணக்காக இருந்தது.

இக்கணக்கை மாற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய அகழ்பொறி. நீராவியினால் உருளை சுழல, அவ்வுருளை சங்கிலியை அல்லது உருக்குக் கம்பிவடத்தை இழுக்க, வடம் வாளியை இழுத்து மண்ணை அள்ளும் யந்திரம் அது. நல்ல யந்திரமொன்று தோன்றியவுடன் உலகம் அதனைக் கைநீட்டி ஏற்றுக்கொள்ளும் என்று பலரும் எண்ணுவர். அகழ்பொறியின் வரலாறு அவ்வாறு அமையவில்லை. அப்பொறி எந்நாட்டில் ஓடியது, எந்நாட்டில் ஓய்ந்து கிடந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, அதன் அருகே மண்வெட்டியுடன் நின்ற தொழிலாளியின் கூலியே ஆகும்.

இப்பொறியை முதலில் ஆக்கியவர் வில்லியம் ஸ்மித் ஓற்றிஸ் என்னும் அமெரிக்க இளைஞர். 1813ஆம் ஆண்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்திற் பிறந்த இவர், புகையிரதப் பாதைகளுக்கு மண்வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்தகாரரிடம் பணியாற்றினார். அமெரிக்காவில் அப்போதுதான் புகையிரதப் பாதைகள் பரவத் தொடங்கியிருந்தன. பாதை ஏற்ற இறக்கமின்றிச் செல்லவேண்டுமாதலின் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் வேலைக்கு முடிவே இருக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலேயே ஓற்றிஸ் இதற்கொரு யந்திரத்தைச் சமைக்க முயன்றார். பிலடெல்பியா நகரிலிருந்த ஈஸ்ற்விக், ஹரிசன் என்போரின் தொழிற்சாலை அவருக்குத் துணைபுரிந்தது. 1839ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவருக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது.

அப்பொறியின் அமைப்பை மனக்கண்ணில் காண்பது கடினமன்று. தண்டவாளத்தின்மேல் நிற்கும் ஒரு மேடை. அதன் பின்புறத்தே நீராவிக் கொதிகலன். முன்புறத்தே நிமிர்ந்த கம்பம். கம்பத்திலிருந்து சாய்வாக நீண்டு நிற்கும் ஒரு நெடுங்கை. நெடுங்கையின் நுனியில் ஒரு கப்பி. கப்பியின் மேலாகச் செல்லும் சங்கிலியின் ஒரு முனை மேடையிலுள்ள உருளையிற் சுற்றப்பட்டிருக்கும்; மறுமுனை இரும்பு வாளியைத் தாங்கும். கிணற்றுத் துலாவையும் கப்பியையும் கண்டவர் எவரும் இவ்வளவையும் எளிதில் விளங்கிக்கொள்வர். ஆனால், கிணற்று வாளிக்கு நீர் தானே இடங்கொடுக்கும், மண் கொடாது. வாளியின் பற்களை மண்மேட்டினுள் அழுத்துவதற்கு ஒரு விசை வேண்டும். சங்கிலியாயினும் வடமாயினும் இழுக்க வல்லதேயன்றித் தள்ள வல்லதன்று. ஆதலின் ஓற்றிஸ், வாளியை ஒரு தடித்த தண்டின் முனையிற் பொருத்தி, அத்தண்டு நெடுங்கையின் நடுவே முன்னும் பின்னும் நகருமாறு செய்தார். தண்டு வாளியை மேட்டினுள் தள்ளும். சங்கிலி அதனைக் கீழிருந்து மேலே இழுக்கும். இவ்விரு செயலும் ஒருங்கே நிகழும்போது வாளி மண்ணைச் சீவிக்கொண்டு நிரம்பும். பின்னர் நெடுங்கை பக்கவாட்டில் திரும்பும். வாளியின் அடிக்கதவு திறக்கும். மண் அருகே நிற்கும் வண்டியில் விழும். நீராவி அகழ்பொறிகள் பெரியனவாகவும் வலியனவாகவும் வளர்ந்த பின்னரும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆக்கவுரிமை கிடைத்த அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில் ஓற்றிஸ் நெருப்புக் காய்ச்சலினால் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. தொடக்கத்தில் செய்யப்பட்ட பொறிகள் ஏழே. அவற்றுள் நான்கு இரஷ்யாவுக்குச் சென்றன. ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றது. இரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரையும் மொஸ்கோவையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1840களில் அமைக்கப்பட்டது. அவ்வேலைக்கு ஆலோசகராக அழைக்கப்பட்ட அமெரிக்கப் பொறியியலாளர் ஜோர்ஜ் வாஷிங்ரன் விஸ்லர், மசாசூசெட்சில் புகையிரதப் பாதை அமைத்துப் பழகியவர். ஆயினும் 1851ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையின் மண்வேலையை முடித்தவர்கள் பெரும்பாலும் பண்ணையடிமைகளான உழவர்களே. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு அவர்கள் செய்த வேலைக்குமுன் நான்கு பொறிகளின் வேலை மிகச் சிறிதாயிற்று.

அமெரிக்காவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அயர்லாந்திலிருந்து வறுமையினாலும், பின்னர் 1840களின் பஞ்சத்தினாலும் துரத்தப்பட்டு வந்த மக்கள், கிடைத்த கூலிக்கு மண்வெட்ட முன்வந்தனர். கொதிகலனுக்கு விறகும் நிலக்கரியும் வாங்கி, பழுதுபார்க்கத் தேர்ந்த கம்மியரையும் வைத்து யந்திரத்தை ஓட்டுவதிலும், ஐம்பது ஆட்களை வைத்து வேலை வாங்குவது ஒப்பந்தகாரருக்கு மலிவாக இருந்தது. ஆக்கவுரிமை ஓற்றிஸின் உறவினர் கையில் நீண்டகாலம் இருந்தமையும் பிறர் இப்பொறியைச் செய்வதற்குத் தடையாயிற்று. இக்காரணங்களால், முழு உருவுடன் பிறந்துவிட்ட ஒரு யந்திரம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் அரிதாகவே காணப்பட்டது.

இவ்விடைக்காலத்தில் வேறொரு நாட்டில், வேறொரு தேவைக்காக, அகழ்பொறிக்குப் பிற்காலத்தில் உயிர்நாடியான ஒன்று உருவாயிற்று. அதுவே உருக்குக் கம்பிவடம். ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவுஸ்தால் சுரங்கங்களில் அதிகாரியாயிருந்தவர் வில்லெம் அல்பேர்ட். ஆழமான சுரங்கங்களிலிருந்து கனிப்பொருளைத் தூக்குவதற்குச் சணற்கயிறும் இரும்புச் சங்கிலியுமே அங்கு பயன்பட்டன. கயிறு ஈரத்தில் இற்றுப்போகும். சங்கிலியோ ஒரு வளையம் பழுதானாலும் முன்னறிவிப்பின்றி அறுந்து உயிர்களைக் கொல்லும். அல்பேர்ட் இரும்புக் கம்பிகள் நான்கை முறுக்கி ஒரு புரியாக்கி, அத்தகைய மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கி 1834ஆம் ஆண்டில் ஒரு வடம் செய்தார். பன்னிரண்டு கம்பிகளுள் ஒன்று அறுந்தாலும் ஏனையவை சுமையைத் தாங்கும். அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கையும் செய்யும். அகழ்பொறிகள் தொடக்கத்தில் சங்கிலியையே கொண்டிருந்தன. உருக்கு மலிந்து வடங்கள் உறுதிப்பட்ட பின்னர், வடம் படிப்படியாகச் சங்கிலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் இப்பொறிக்கு வழங்கிய பெயர் சிந்திக்கத்தக்கது. கால்வாய்களையும் புகையிரதப் பாதைகளையும் வெட்டிய தொழிலாளரை ஆங்கிலேயர் 'நாவி' என்று அழைத்தனர். கூடாரங்களில் வாழ்ந்து, ஊர் ஊராகச் சென்று, உடல் முறிய உழைத்த கூட்டம் அது. 1870களில் ஜேம்ஸ் டன்பார் என்பவரின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு லிங்கன் நகரத்து ரஸ்ரன் புரொக்ரர் நிறுவனம் அகழ்பொறிகளைச் செய்யத் தொடங்கியபோது, அவற்றுக்கு 'நீராவி நாவி' என்றே பெயர் வழங்கியது. எவருடைய வேலையைப் பொறி எடுத்துக்கொண்டதோ அவருடைய பெயரையே அது சூடிக்கொண்டது. 1887 தொடக்கம் 1894 வரை மான்செஸ்ரர் கப்பற் கால்வாய் தோண்டப்பட்டபோது இப்பொறிகள் பல அங்கு வேலை செய்தன. அவற்றோடு பதினாறாயிரம் பேர் வரையில் அக்கால்வாயில் உழைத்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் புகையிரதப் பாதைகள் மேற்கு நோக்கி விரைந்து பரவின. ஓற்றிஸின் ஆக்கவுரிமையும் காலாவதியாகியிருந்தது. புதிய நிறுவனங்கள் தோன்றின. ஒகாயோ மாநிலத்துப் பியூசைரஸ் ஊரில் 1880இல் தொடங்கிய நிறுவனம் அவ்வூரின் பெயரையே கொண்டது. அதே மாநிலத்து மரியன் ஊரில் 1884இல் மற்றொரு நிறுவனம் எழுந்தது. இவ்விரு நிறுவனங்களும் ஏறத்தாழ நூறாண்டுக்குமேல் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அவற்றின் பொறிகள் உலகின் கண்முன் தோன்றிய இடம் பனாமா.

அத்திலாந்திக்குச் சமுத்திரத்தையும் பசிபிக்குச் சமுத்திரத்தையும் இணைக்கும் கால்வாயைப் பனாமாவில் முதலில் தோண்டத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர். சுயெஸ் கால்வாயை அமைத்துப் புகழ்பெற்ற பேர்டினண்ட் த லெசெப்ஸ் தலைமையில் 1881இல் தொடங்கிய அம்முயற்சி 1889இல் முறிந்தது. தொடராகக் கோத்த வாளிகளையுடைய அவர்களின் பொறிகள் குலேப்ரா மேட்டின் பசைக் களிமண்ணில் சிக்கித் தவித்தன. மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. 1904இல் அமெரிக்கா அவ்வேலையை ஏற்றது. நுளம்பை ஒழித்து நோயை அடக்கும் பணி ஒருபுறம் நடக்க, 1905இல் தலைமைப் பொறியியலாளராக வந்த ஜோன் ஸ்ரீவன்ஸ் மற்றோர் உண்மையைக் கண்டார். மண்ணைத் தோண்டுவது வேலையின் பாதியே. தோண்டிய மண்ணை அகற்றுவதே மறுபாதி. புகையிரத வேலையிற் பழுத்த அவர், அகழ்பொறி ஒருபோதும் வெறும் வண்டிக்காகக் காத்து நிற்காதபடி தண்டவாளங்களைப் படிப்படியாக மேட்டில் அமைத்தார்.

பனாமாவில் வேலை செய்த நீராவி அகழ்பொறிகள் 102. அவற்றுள் 77 பியூசைரஸ் செய்தவை. 24 மரியன் செய்தவை. பெரிய பொறியொன்று ஒரு வீச்சில் ஏறத்தாழ ஐந்து கன யார் மண்ணை அள்ளும். கொட்டும் இடத்திலும் வடமே உதவியது. தட்டையான வண்டிகள் வரிசையாகக் கோத்த புகையிரதத்தின் கடைசி வண்டியில் கலப்பை போன்ற ஒரு பெரிய உலோகத் தகடு நிற்கும். முன்னே உள்ள நீராவிச் சுருளை, நீண்ட வடமொன்றினால் அதனை வண்டிகளின் மேலாக இழுக்கும். பத்து நிமிட அளவில் தொடர் முழுவதிலுமுள்ள மண் பக்கத்தே சரிந்துவிடும். 1909ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குலேப்ராவில் 68 அகழ்பொறிகள் இருபது இலட்சம் கன யாருக்கு மேற்பட்ட மண்ணை ஒரே மாதத்தில் அகற்றின. ஒவ்வொரு பொறியும் எவ்வளவு தோண்டியது என்பது கால்வாய்ப் பகுதியின் வாரப் பத்திரிகையில் வெளியிடப்பட்டது. இதனாற் பொறிகளை ஓட்டுவோரிடையே பெரும் போட்டியும் எழுந்தது. 1906 நவம்பரில் அங்கு சென்ற அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற், கொட்டும் மழையில் ஓர் அகழ்பொறியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்த படம் உலகெங்கும் பரவியது.

அப்படத்தில் இடம்பெறாதவர் பலர். பொறியை ஓட்டுபவரும், நெடுங்கையருகே நின்று வாளித்தண்டை இயக்குபவரும் இருவர். அவர்களுக்குக் கீழே, பொறி நகரும் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பெயர்த்து இடுவதற்கும், சரிந்த கல்லை ஒதுக்குவதற்கும் ஒரு சிறு கூட்டம் எப்போதும் வேண்டியிருந்தது. பாறையைப் பொறி நேரே அள்ளமாட்டாது. முதலில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்க்கவேண்டும். கால்வாய் முழுவதற்கும் செலவான வெடிமருந்து ஏறத்தாழ ஆறு கோடி இறாத்தல். துளையிட்டவரும், வெடிமருந்தைத் தலையிற் சுமந்தவரும், தண்டவாளம் பெயர்த்தவரும் பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, சிறப்பாகப் பார்பேடோசிலிருந்து வந்த கறுப்பினத்தவர். வெடியாது மண்ணினுள் தங்கிவிட்ட மருந்தை அகழ்பொறியின் பல் தாக்கி, அருகே நின்றவர் மாண்டதும் உண்டு. 1908 டிசம்பரில் பாஸ் ஒபிஸ்போ என்னுமிடத்தில் வெடி முன்னதாகவே வெடித்து 23 பேர் இறந்தனர்.

கூலியும் இரு வகையாக வழங்கப்பட்டது. அமெரிக்க வெள்ளையர் பெயர்கள் 'பொன் பட்டியலில்' இருந்தன. மேற்கிந்தியர் பெயர்கள் 'வெள்ளிப் பட்டியலில்' இருந்தன. உணவுச்சாலையும் குடியிருப்பும் தபாற் கந்தோரின் சாளரமுங்கூட இப்பட்டியல்களின்படியே பிரிக்கப்பட்டன. அமெரிக்கர் நடத்திய காலத்தில் நோயினாலும் விபத்தினாலும் இறந்தவர் தொகை 5,609 எனப் பதிவாகியுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் மேற்கிந்தியர். 1913ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் தேதி, 222 என்றும் 230 என்றும் இலக்கமிடப்பட்ட இரு அகழ்பொறிகள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து தோண்டிவந்து, குலேப்ராவின் அடித்தளத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. 1914 ஓகஸ்ற் 15ஆந் தேதி கால்வாய் திறக்கப்பட்டது. அவ்விரு பொறிகளின் இலக்கங்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளிப் பட்டியலில் இருந்தவர்களின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே.

பனாமாப் பொறி பள்ளத்தில் நின்று தனக்கு முன்னேயுள்ள மேட்டைத் தோண்டுவது. ஈரமான தாழ்நிலத்தில் கால்வாய் வெட்டுவதற்கு அது ஏற்றதன்று. பொறியே சேற்றில் அமிழ்ந்துவிடும். இக்குறையைத் தீர்த்தவர் சிக்காகோ நகரத்து ஒப்பந்தகாரரான ஜோன் பேஜ். அந்நகரத்துக் கால்வாய் வேலைக்காக அவர் 1904இல் இழுவடப் பொறி ஒன்றை அமைத்தார். அதில் வாளித்தண்டு இல்லை. மிக நீண்ட நெடுங்கையின் நுனியிலிருந்து ஒரு வடம் வாளியைத் தொங்கவிடும். மற்றொரு வடம் வாளியின் முன்வாயிலிருந்து நேரே பொறிக்கு வரும். பொறி கரையில் உலர்ந்த நிலத்தில் நிற்கும். வலைவீசுவோன் வலையை எறிவதுபோல வாளி தொலைவில் வீசப்படும். பின் இழுவடம் அதனைப் பொறியை நோக்கி இழுக்க, வாளி தன் பாரத்தினாலேயே மண்ணிற் பதிந்து நிரம்பும். தள்ளுவதற்கு வடத்தால் இயலாது என்ற குறை இங்கே குறையாகவே தோன்றவில்லை. இழுத்தல் ஒன்றினாலேயே முழு வேலையும் நிறைவேறியது. நீருக்கடியிலுள்ள சேற்றையும் இதனால் அள்ள முடிந்தது. உலகின் பல பாகங்களிலும் நீர்ப்பாசனக் கால்வாய்களும் வடிகால்களும் வெள்ளத் தடுப்பணைகளும் அமைப்பதற்கு இழுவடப் பொறி இன்றியமையாததாயிற்று.

பாரமான இப்பொறியை இடம்பெயர்ப்பது அடுத்த சிக்கல். உருளைகளின் மேலும் தண்டவாளத்தின் மேலும் அதனை நகர்த்துவதற்குப் பல ஆட்கள் தேவைப்பட்டனர். 1913இல் சிக்காகோவின் மொனிகன் நிறுவனத்தைச் சேர்ந்த ஒஸ்கார் மாட்டின்சன் என்பவர் பொறிக்கு இரு பாதங்களை அமைத்தார். வட்டமான அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் பொறி, இருபுறமும் உள்ள நீண்ட பாதங்களை ஊன்றி, தன்னைச் சற்றே தூக்கி, ஓர் அடி பின்னே வைத்து மறுபடி அமரும். இவ்வாறு 'நடக்கும்' பொறி சேற்று நிலத்திலும் தாழாது சென்றது. பின்னர் நீராவியின் இடத்தை டீசலும் மின்சாரமும் பிடித்தன. கொதிகலனுக்குக் கரி இடுபவன் தேவையற்றவனானான்; பத்துப்பேர் சூழ்ந்து நின்ற பொறியை இருவர் மூவர் நடத்தினர். ஆனால் அந்த இருவர் மூவருக்கும் வேண்டிய கைத்திறன் குறையவில்லை. வடத்தைத் தளர்த்துவதும் இறுக்குவதும் தடுப்பதும், கைகளும் கால்களும் ஒருங்கே செய்யவேண்டிய செயல்கள். வடத்தின் அதிர்விலிருந்தே வாளி கல்லைத் தொட்டதா மண்ணைத் தொட்டதா என்பதை உணரும் பயிற்சி பல ஆண்டுகளில் வருவது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மேல்மண்ணை அகற்றி நிலக்கரி எடுக்கும் முறை அமெரிக்காவிற் பெருகியபோது அகழ்பொறிகள் மலையளவாயின. கன்சாஸ் மாநிலத்தில் 1963இல் வேலை தொடங்கிய 'பிக் புரூட்டஸ்' ஒரு வீச்சில் 90 கன யார் அள்ளியது. அதன் உயரம் 160 அடி. 1969இல் ஒகாயோவில் இயங்கத் தொடங்கிய 'பிக் மஸ்கி' என்னும் இழுவடப் பொறியின் வாளி 220 கன யார் கொள்ளும். தன் வாழ்நாளில் அது அகற்றிய மண் 60 கோடி கன யாருக்கு மேற்பட்டது. பனாமாவில் அமெரிக்கர் அகற்றிய முழு மண்ணிலும் இது இருமடங்குக்கு மேலானது. பனாமாவில் பல்லாயிரவர் உழைத்தனர். இங்கே ஒரு வேளைக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே நின்றனர். ஆனால் பொறி சென்ற வழியில் வயலும் காடும் மண்மேடுகளாயின. அந்நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணரவேண்டும் என்று அமெரிக்க அரசு 1977இல் சட்டம் இயற்றியது. பிக் மஸ்கி 1991இல் ஓய்ந்தது, 1999இல் உடைக்கப்பட்டது. அதன் வாளி மட்டும் சுரங்கத் தொழிலாளரின் நினைவாக ஒரு பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது. பிக் புரூட்டஸ் இப்போது ஒரு நூதனசாலை.

சிறிய வேலைகளில் வடத்தின் ஆட்சி இதற்கு முன்னரே முடிவுறத் தொடங்கிவிட்டது. 1954இல் ஜேர்மனியின் டெமாக் நிறுவனம், உருளையும் வடமுமின்றி எண்ணெயின் அமுக்கத்தினால் இயங்கும் அகழ்பொறியை வெளியிட்டது. அமுக்கப்பட்ட எண்ணெய் இழுக்கவும் வல்லது, தள்ளவும் வல்லது. ஓற்றிஸ் தண்டு வைத்துச் சமாளித்த குறை இதனால் அடியோடு நீங்கியது. ஒரு முழு ஆயுள் பயின்ற வடக் கைத்திறனும் அதனோடு அருகத் தொடங்கியது. இன்று வீதியோரங்களில் காணப்படும் அகழ்பொறிகள் யாவும் பெரும்பாலும் இவ்வினத்தவையே. எனினும் பெரிய செப்புச் சுரங்கங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் மின்சாரத்தால் இயங்கும் வட அகழ்பொறிகள் இன்றும் ஒரு வீச்சில் நூறு தொன்னுக்கு மேல் அள்ளிக்கொண்டிருக்கின்றன. மரியன் நிறுவனத்தை 1997இல் பியூசைரஸ் வாங்கியது. பியூசைரசை 2011இல் கற்றர்பில்லர் நிறுவனம் வாங்கியது.

மனிதன் முதுகிலிருந்து ஒரு பெருஞ்சுமையை அகழ்பொறி இறக்கியது என்பதில் ஐயமில்லை. மண்வெட்டியால் மலையை வெட்டிய தலைமுறைகளின் துன்பத்தை அறிந்தவர் எவரும் அதனை வரவேற்பர். ஆயினும், அச்சுமை இறங்கியது யந்திரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலன்று. மனித உழைப்பு யந்திரத்திலும் விலை உயர்ந்த நாளிலேயாகும். கூலி மலிந்த இடங்களில் யந்திரம் காத்து நின்றது. அல்லது மலிந்த கூலியாளைப் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்கியது. புதிய கண்டுபிடிப்புக்களைப் போற்றும் இக்காலத்தவர் அவற்றோடு சேர்த்து நினைக்கவேண்டியவர்கள், அக்கண்டுபிடிப்பு வந்துசேரும்வரை மண்சுமந்தோரும், வந்தபின் அதன் நிழலில் நின்று தண்டவாளம் பெயர்த்தோருமாவர்.